வளவு இடம்பெயரவில்லை, கணக்கும் தொலையவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் திருகோணமலையின் பழைய கட்டிடங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். பிரெட்றிக் கோட்டைக்குள் இருக்கும் வெலிங்டன் வீடு, உட்துறைமுகப் பக்கத்து ஒல்லாந்தர் காலக் கட்டிடம், உவர்மலையில் ஓடு கழன்று நிற்கும் பங்களாக்கள் என்று ஆசையோடு எழுதிக்கொண்டு வந்தவர், கடைசியில் இவற்றை நூதனசாலையாக்கலாம், இல்லாவிட்டால் உல்லாசப் பயணிகளுக்கு விடுதியாக்கலாம் என்று முடித்துவிட்டார். பழைய வீடு என்றால் இந்த இரண்டு யோசனைதானா நமக்கு வரும்? கண்ணாடிப் பெட்டிக்குள் துருப்பிடித்த வாள் வைப்பது, இல்லாவிட்டால் ஒரு இரவுக்கு இத்தனை ரூபாய் என்று பலகை போடுவது. மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு, பழைய வீட்டில் வயலுக்கும் மழைக்கும் ஒழுங்காகக் கணக்கு வைப்பது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள், வெட்டிப் போடுவதானால் நடுவில் வெட்டாமல் போடுங்கள்.

நான் கட்டிடக் கலை படித்தவன் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் விவசாயப் போதனாசிரியராகத் தம்பலகாமம், மூதூர், கந்தளாய் என்று சைக்கிளிலும் பிறகு மோட்டார் சைக்கிளிலும் வரம்பு வரம்பாய்த் திரிந்தவன். யூரியா எத்தனை கிலோ, பயிருக்குப் பொசுபரசு கொடுக்கும் ரி.எஸ்.பி. பசளை எத்தனை கிலோ, அதை எப்போது போடவேண்டும், இதுதான் என் வாழ்க்கை முழுக்க நான் சொன்ன மந்திரம். அந்த ரி.எஸ்.பி. மூட்டையின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் ஒரு வீடு வரும். ஒரு மாளிகை, அதைச் சுற்றி ஒரு பெரிய வளவு. இங்கிலாந்தில் லண்டனுக்கு வடக்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தூரத்தில் ஹார்ப்பண்டன் என்ற ஊரில் இருக்கிறது, பெயர் ரொதம்ஸ்ரெட். உலகத்தில் தொடர்ந்து இயங்கிவருகிற விவசாய ஆராய்ச்சி நிலையங்களில் அதுதான் மூத்தது என்று பயிற்சிக் காலத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். அப்போது அது பரீட்சைக்கு ஒரு வரி, அவ்வளவுதான். மகள் அந்தப் பக்கம் குடியேறிய பிறகு ஒரு முறை போய் வந்தேன். உள்ளே எல்லாம் போகவில்லை, பொதுமக்கள் நடக்கும் பாதையில் நின்று பார்த்ததோடு சரி. ஆனால் அந்த ஒரு மணித்தியாலம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

வீட்டைப் பார்த்தவுடன் எனக்கு முதலில் வந்த எண்ணம், அட, இது ஒல்லாந்தர் கட்டிடம் மாதிரியல்லவா இருக்கிறது என்பதுதான். கூரையின் பக்கச் சுவர் மேலே முக்கோணமாக ஏறி நிற்குமே, அதை நேராக விடாமல் வளைத்து வளைத்து ஏற்றிக் கட்டியிருக்கிறார்கள். சிவப்புச் செங்கல். நடுவில் ஒரு சின்னக் கோபுரம். ஒல்லாந்து நாட்டுப் பாணி இங்கிலாந்தின் நடு வயலுக்குள் எப்படி வந்தது என்று கேட்டால் அது ஒரு இடம்பெயர்வுக் கதை. விற்றன்றொங் என்ற குடும்பம் இன்றைய பெல்ஜியத்தின் கென்ற் நகரத்தவர்கள். 16ஆம் நூற்றாண்டில் மதத்தின் பேரால் நடந்த கெடுபிடிக்குத் தப்பிக் கடல் கடந்து லண்டனுக்கு வந்தவர்கள். பியர் வடிக்கும் தொழிலில் காசு சேர்ந்தது. குடும்பத்தலைவர் இறந்த பிறகு அவருடைய விதவை 1623 இல் இந்த வளவைத் தன் மகன் ஜோனுக்காக வாங்கினார். மகனுக்கு அப்போது ஐந்து வயது.

அங்கே அதற்கு முன்பே வீடு இருந்தது. மரச்சட்டம் போட்ட பழைய வீடு, 13ஆம் நூற்றாண்டிலேயே அந்த இடத்துக்குப் பதிவு உண்டு. ஜோன் வளர்ந்து ஆளானதும் அந்த மரவீட்டை இடித்துத் தள்ளவில்லை, அதற்கு மேல் செங்கற் சட்டை போட்டார். உள்ளே மரம், வெளியே செங்கல், மேலே ஒல்லாந்துப் பாணிச் சுவர். நம் கோட்டையை ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது 1639 இல், ஏறக்குறைய அதே காலம்தான் இது. இங்கே அவர்கள் கோட்டைக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்த காலத்தை ஒட்டி அங்கே ஒரு அகதியின் பேரன் தன் பாட்டனார் ஊர்ச் சாயலில் வீட்டுக்கு முகம் வைத்துக்கொண்டிருந்தார். என் மூத்தம்மா குடும்பம் 1990 இல் ஊரைவிட்டு ஓடியபோது வீட்டுக் கதவின் கைபிடியைக் கழற்றிச் சீலைக்குள் முடிந்துகொண்டு போனது. அதனால் எனக்கு இந்தச் செங்கல் விசயம் விளங்கியது.

இந்த ஜோன் விற்றன்றொங் இன்னொரு வேலையும் செய்தார். 1684 தொடக்கம் 1689 வரை வானிலைக் குறிப்பு எழுதி வைத்தார். மழை, பனி, காற்று, அதனால் பயிருக்கு என்ன ஆனது என்று தன் பாட்டுக்கு எழுதியிருக்கிறார். யாரும் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்லவில்லை. ஆக, ஆராய்ச்சி நிலையம் என்ற பெயர் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அந்த வீட்டில் வானத்தைப் பார்த்துக் கணக்கு வைக்கும் பழக்கம் இருந்தது. கிழக்கில் நம் போடிமாருக்கும், அதாவது பெரிய வயற்காரர்களுக்கும், இந்தப் பழக்கம் இருந்தது, ஆனால் நெஞ்சுக்குள் இருந்தது, கொப்பியில் இல்லை.

வீடு பெண் வழியில் கைமாறிக் கைமாறிக் கடைசியில் லோஸ் என்ற குடும்பத்துக்கு வந்தது. ஜோன் பெனற் லோஸ் 1814 இல் அதே வீட்டில் பிறந்தவர். எட்டு வயதில் தகப்பனை இழந்தார். ஒக்ஸ்போர்ட்டுக்குப் போய்ப் பட்டம் எடுக்காமல் திரும்பி வந்து 1834 இல் வளவைப் பொறுப்பெடுத்தார். வந்தவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, வீட்டின் நல்ல படுக்கையறை ஒன்றை இரசாயன கூடமாக மாற்றியது. தாயாருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லையாம். பிடிக்குமா? மாளிகையின் படுக்கையறைக்குள் அமிலமும் எலும்புத்தூளும் அடுப்பும் என்றால் எந்தத் தாய்தான் சும்மா இருப்பாள்! என் மனைவியும் நான் குசினிக்குள் மண் காயவைத்த காலத்தில் என்னவெல்லாம் சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது.

அந்த அறையிலும் சட்டிகளில் வளர்த்த செடிகளிலும் பிடிபட்ட விசயம் இதுதான். எலும்பிலும் பாறையிலும் பொசுபரசு இருக்கிறது, ஆனால் பயிருக்கு எட்டாது, தண்ணீரில் கரையாது. அதைக் கந்தக அமிலத்தில் ஊறவைத்தால் கரையும். 1842 இல் அதற்குக் காப்புரிமை எடுத்தார். சுப்பர் பொசுபேற்று என்று பெயர் வைத்தார். நாம் வயலுக்குப் போடும் ரி.எஸ்.பி.க்குப் பாட்டன் அதுதான். அதே வருடக் கடைசியில் கல்யாணம். தேனிலவுக்கு ஐரோப்பா போவதாக இருந்ததை விட்டுவிட்டுப் புதுப் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு தேம்ஸ் ஆற்றில் தொழிற்சாலைக்கு இடம் பார்த்துத் திரிந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். தொழிற்சாலை 1843 இல் லண்டனின் டெப்ற்போர்ட்டில் தொடங்கியது.

இங்கே ஒரு சின்ன விலகல். அநுராதபுரம் மாவட்டத்து எப்பாவலையில் 1971 இல் பொசுபேற்றுப் பாறை கண்டுபிடித்தார்கள். அதைத் தேயிலைக்கும் தென்னைக்கும் தூளாக்கிப் போடுகிறோம், நெல்லுக்குப் போட்டால் மூன்று நாலு மாதப் பயிருக்கு அது கரைந்து சேர்வதற்குள் அறுவடையே முடிந்துவிடும். அதனால் நெல்லுக்குக் கப்பலில் ரி.எஸ்.பி. வருகிறது. பாறை நம்மிடம் இருக்கிறது, அதைக் கரைக்கும் வித்தை 1842 இலேயே ஒரு படுக்கையறையில் பிடிபட்டுவிட்டது, நாம் இன்னும் கப்பலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். சரி, அது வேறு சண்டை.

1843 இல் லோஸ் ஒரு இரசாயனவியலாளரை வேலைக்கு எடுத்தார், ஜோசப் ஹென்றி கில்பேர்ட். ஜேர்மனியில் லீபிக் என்ற பெயர்பெற்ற இரசாயனவியலாளரிடம் படித்தவர், சின்ன வயதில் துப்பாக்கி விபத்தில் ஒரு கண் பார்வையை இழந்தவர். இரண்டு பேரும் சேர்ந்து 57 வருடம் வேலை செய்தார்கள், லோஸ் 1900 இல் இறக்கும்வரை. ஆராய்ச்சி படுக்கையறையிலிருந்து வளவுக்குள் இருந்த பழைய களஞ்சியத்துக்கு இறங்கியது. வைக்கோல் அடைந்து கிடந்த இடத்தில் தராசும் போத்தலும். பெரிய கட்டிடம் கட்டிக்கொண்டா ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள்? நம் ஆட்கள் ஒரு திட்டம் என்றால் முதலில் அடிக்கல், பிறகு வளைவு, பிறகு பெயர்ப்பலகை, கடைசியில் உள்ளே வைக்க மேசை இல்லை. அங்கே வேலை முந்தியது, சுவர் பிந்தியது.

களஞ்சியத்தில் பன்னிரண்டு வருடம் போனது. இந்த ஆராய்ச்சியால் பயன் கண்ட விவசாயிகளும் மற்றவர்களும் சேர்ந்து லோஸுக்கு ஒரு பரிசு கொடுக்க நிதி திரட்டினார்கள். அந்தக் காலத்து வழக்கப்படி வெள்ளிப் பொருள் ஒன்று. அவர் வெள்ளி வேண்டாம், ஆய்வுகூடம் கட்டித் தாருங்கள் என்றார். 1855 இல் கட்டிக் கொடுத்தார்கள். இந்தக் கட்டிடம் எனக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் இன்று அது இல்லை. அறுபது வருடம் தாங்கியது, சுவர் பலமில்லை என்று முதலாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டி இடித்துவிட்டுப் புதியது கட்டினார்கள். ஆராய்ச்சிக்கென்றே கட்டிய கூடம் போய்விட்டது, ஆராய்ச்சிக்காகக் கட்டப்படாத பழைய மாளிகை நிற்கிறது. 1893 இல் ஐம்பது வருட நிறைவுக்காக வைத்த பெரிய கருங்கல்லும் நிற்கிறது, பட்டை தீட்டாத பாறை, அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் இப்படி ஒரு கல்லை வைத்திருந்தால் அமைச்சர் பெயர் மேலேயும் விசயம் கீழேயும் இருந்திருக்கும்.

ஆனால் என் கண்ணில் அந்த வளவின் உண்மையான கட்டிடம் சுவரும் கூரையும் உள்ளது அல்ல, அது ஒரு வயல். புரோட்போக் என்று பெயர். 1843 இலையுதிர் காலத்தில் கோதுமை விதைத்தார்கள், அன்றிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு வருடமும் அதே வயலில் கோதுமை. நீள நீளமான கீற்றுகளாகப் பிரித்து ஒன்றுக்கு எருவே இல்லை, ஒன்றுக்கு மாட்டெரு மட்டும், மற்றவற்றுக்கு விதவிதமான இரசாயனப் பசளைக் கலவைகள். பாதையில் நின்று பார்த்தபோது வெறுங்கண்ணுக்கே பச்சையின் வித்தியாசம் தெரிந்தது, யாரோ அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு நிறம் தீட்டியது போல. எனக்குப் பக்கத்தில் நாயோடு நடந்து வந்த ஒரு முதியவர் நான் இவ்வளவு நேரம் அங்கேயே நிற்பதைப் பார்த்து வழி தவறிவிட்டேனா என்று விசாரித்தார்.

எருவே போடாத கீற்றில் நூற்றெண்பது வருடத்துக்குப் பிறகும் ஹெக்டயருக்கு ஒரு தொன் அளவில் கோதுமை வருகிறது. நம் கணக்கில் ஏக்கருக்கு ஆறு மூட்டை. மாட்டெரு மட்டும் போடும் கீற்றில் இரசாயனப் பசளைக் கீற்றுக்குப் பக்கத்தில் நிற்கும் விளைச்சல் வருகிறது. இதைக் கேட்டவுடன் சேதனப் பசளைக்காரர்கள் கைதட்டுவார்கள், கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கீற்றுக்கு வருடா வருடம் ஹெக்டயருக்கு 35 தொன் எரு போகிறது. ஏக்கருக்கு 14 தொன். தம்பலகாமத்தில் ஒரு ஏக்கருக்கு 14 தொன் மாட்டெருவை யார் கொண்டுவந்து கொட்டுவது, எந்த மாடு போடுவது?

2021 மே மாதம் ஒரே இரவில் அரசாங்கம் இரசாயனப் பசளை வேண்டாம் என்று தடை போட்டது. அந்த வருடம் நான் ஓய்வில் இருந்தேன், ஆனாலும் மூதூர்ப் பக்கமிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் எனக்குத் தொலைபேசி வந்துகொண்டே இருந்தது. ஐயா, என்ன செய்யிறது என்று கேட்டார்கள். என் தம்பியின் வயலில் அந்தப் பெரும்போகம் பயிர் இடுப்புக்கு வரவேண்டியது முழங்காலோடு நின்றது. நவம்பரில் தடையை எடுத்தார்கள், அதற்குள் விதைப்பு முடிந்துவிட்டது. ஒருவர் புரோட்போக் வயலின் கணக்கை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்திருந்தால் போதும், 14 தொன் என்ற அந்த ஒரு இலக்கம் போதும், முடிவு எடுத்தவர்கள் பேனையைக் கீழே வைத்திருப்பார்கள் என்று நான் இன்றும் நம்புகிறேன். மனைவி இதைக் கேட்டுச் சிரிக்கிறாள், நீங்கள் இன்னும் சின்னப்பிள்ளை என்கிறாள்.

அந்த வயலை இத்தனை காலம் காப்பாற்றியது விஞ்ஞானம் மட்டும் இல்லை, உறுதிக்காணிக் கணக்கும்தான். லோஸ் 1872 இல் பசளைத் தொழிலை மூன்று இலட்சம் பவுணுக்கு விற்றார். 1889 இல் ஒரு இலட்சம் பவுணை ஒதுக்கி ஒரு நம்பிக்கைப் பொறுப்பு ஏற்படுத்தி ஆய்வுகூடத்தையும் பரிசோதனை வயல்களையும் அதன் கையில் கொடுத்தார். ஆனால் மாளிகையும் மிச்ச நிலமும் குடும்பத்திடமே இருந்தன. அடுத்த தலைமுறைக்கு வளவைப் பிடித்து வைத்திருக்க முடியாமல் போனது. நாலு பக்கமும் லண்டன் வளர்ந்து வீடு கட்டுவோர் வந்து நிற்கும் காலம். 1934 இல் ஆராய்ச்சி நிலையமே பொதுமக்களிடம் நிதி சேர்த்து முழு வளவையும் வாங்கியது. 311 வருடமாக ஒரே வம்சத்தில் இருந்த வீடு அன்றைக்குத்தான் முதன்முதலாக வெளியார் கைக்குப் போனது, போனது ஒரு நல்ல கைக்கு. பிறகு அந்த மாளிகையில் வெளிநாட்டிலிருந்து வரும் ஆராய்ச்சியாளர்கள் தங்கினார்கள், பின்னாளில் அங்கே கல்யாணங்களும் நடந்திருக்கின்றன. சாப்பாடும் சங்கீதமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயலும் கணக்கும் முதலில், கல்யாணம் பிறகு.

இன்னொன்றும் சொல்லவேண்டும், அதுதான் எனக்கு மிகவும் வலிக்கிற இடம். ஒவ்வொரு அறுவடையிலும் கொஞ்சம் தானியம், கொஞ்சம் வைக்கோல், இடைக்கிடை மண், எல்லாவற்றையும் 1843 தொடக்கம் போத்தலில் அடைத்து வைத்திருக்கிறார்கள். மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகள். இறாக்கை இறாக்கையாகத் தக்கை அடைத்து மெழுகு பூசிய கண்ணாடிப் போத்தல்கள். இரண்டாம் உலகப் போரில் போத்தலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது விட்டுவிடவில்லை, பழைய தகரப் பேணிகளில் போட்டு எழுதி வைத்தார்கள். பிறகு வந்தவர்கள் அந்தப் பழைய கோதுமையிலிருந்து மரபணுவை எடுத்து, இலைப்புள்ளி நோய்க்குக் காரணமான இரண்டு பூஞ்சணங்களில் எது எந்தக் காலத்தில் ஓங்கியிருந்தது என்று பார்த்தார்கள். நிலக்கரிப் புகையின் கந்தகம் கூடிக் குறைந்ததோடு சேர்ந்து ஓங்கிய பூஞ்சணமும் மாறியது தெரியவந்தது. பக்கத்துப் புல்வெளியின் பழைய புல்லில் அணுகுண்டுச் சோதனைகளின் புளுத்தோனியச் சுவடு கூடக் கிடைத்தது. போத்தலில் போடத் தொடங்கியவர்களுக்கு மரபணு என்றால் என்னவென்று தெரியாது, அவர்கள் காலத்தில் அணுகுண்டு பிறக்கவே இல்லை. ஏன் வைக்கிறோம் என்று தெரியாமலே ஒழுங்காக வைத்தார்கள்.

இந்தக் கணக்குகள் மலைபோலக் குவிந்ததால்தான் 1919 இல் றொனால்ட் பிஷர் என்ற இளம் கணிதக்காரரை அதைப் பிரித்துப் பார்க்கக் கூப்பிட்டார்கள். நாங்கள் வயலில் கட்டம் கட்டமாகப் பிரித்துச் சீட்டுக் குலுக்கிப் பரிசோதனை போடும் முறை அவர் அங்கே உருவாக்கியதுதான். தேத்தண்ணியில் பாலை முதலில் ஊற்றியதா பிறகு ஊற்றியதா என்று ருசியிலேயே சொல்வேன் என்று கூட வேலை செய்த பெண்மணி ஒருவர் சொல்ல, எட்டுக் கோப்பையை மாற்றி மாற்றி வைத்து அவரைச் சோதித்த கதையும் அவருடையதே. இலங்கைத் தேயிலையா என்று மட்டும் எங்கும் எழுதி இல்லை.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். இந்த நாட்டில் தோட்ட வளவு ஆராய்ச்சி நிலையமானது புதுமை இல்லை. தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்தில், இறப்பர் அகலவத்தையில் டார்ற்றன்பீல்ட் தோட்டத்தில், தெங்கு லுணுவிலவில் பண்டிரிப்புவ தோட்டத்தில். மூன்றும் தோட்டத்தை வாங்கி அதற்குள் புகுந்தவை. காரணம் சுலபம், பயிர் ஏற்கெனவே நின்றது, தொழிலாளர் இருந்தார்கள், துரையின் பங்களா இருந்தது. சென் கூம்ஸில் நம் மலையகத்து உறவுகளின் முதுகில்தான் அந்த ஆராய்ச்சி நடந்தது, அவர்கள் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். ரொதம்ஸ்ரெட் வயலையும் யாரோ கூலியாட்கள்தானே உழுதார்கள், அந்த ஐம்பது வருடக் கல்லில் லோஸ், கில்பேர்ட் என்ற இரண்டு பெயர்தான் இருக்கிறது.

கிழக்கில் அப்படித் தோட்ட வளவு இல்லை. நமக்குக் கிடைத்தது கடற்படையும் பட்டாளமும் விட்டுப்போன வீடுகள், நீர்ப்பாசனக்காரர் கட்டிய பங்களாக்கள், குளக்கட்டோரம் நிற்கும் சின்னக் கந்தோர்கள். அகன்ற விறாந்தை, உயர்ந்த கூரை, கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில்கூட உள்ளே குளிர்ந்திருக்கும் சுவர்கள். மின்விசிறி இல்லாமல் மண் மாதிரி உலர்த்தவும் கொப்பி வைக்கவும் இதைவிட நல்ல இடம் கிடையாது. இதில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, நெல்லுக்கும் மழைக்குமாக ஒதுக்கினால் என்ன? நான் கேட்பது பெரிய நிறுவனம் இல்லை. ஒரு மழைமானி, இரண்டு ஏக்கர் வயல், பூட்டுப் போட்ட ஒரு அறை.

ஏன் இப்படிப் பிடிவாதமாகக் கேட்கிறேன் என்றால், நான் ஒரு இழப்பைக் கண்ணால் பார்த்தவன். ஒரு காலத்தில் நான் வேலை செய்த கந்தோர் ஒன்று பழைய பங்களாவில் இருந்தது, பெயர் வேண்டாம். அங்கே மரத்தால் செய்த அலுமாரி ஒன்றில் மழைப் பதிவேடுகள் இருந்தன. கறுப்பு மட்டை, நீல மையில் எழுத்து, ஒவ்வொரு நாளும் காலை அளந்தது. 1964 மார்கழிப் புயல் நாட்களின் பக்கத்தை நான் விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். சண்டைக் காலத்தில் ஷெல் விழுந்தபோதும் அந்த அலுமாரி தப்பியது. சமாதானம் வந்து புதுக் கட்டிடம் கட்டி இடம் மாறும்போதுதான் போனது. அலுமாரியை ஏற்றினார்கள், உள்ளே இருந்த கொப்பிகளை இறக்கி முற்றத்தில் குவித்தார்கள், இரண்டு நாள் பனியில் கிடந்தது, மூன்றாம் நாள் பழைய பேப்பர் வாங்குகிறவன் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான். நான் லீவில் நின்ற கிழமை. திரும்பி வந்து கேட்டபோது, அதெல்லாம் இப்ப கொம்பியூட்டரில் இருக்குது ஐயா என்றார்கள். எந்தக் கொம்பியூட்டரில் என்று நான் இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ரொதம்ஸ்ரெட்டில் 1853 இல் ஒரு மழைமானி வைத்தார்கள், ஒரு ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பரப்புள்ள பெரிய மானி. நமக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. அந்த மூன்று நாலு மாதத்தில் ஒரு கிழமை முன்பின் ஆனாலும் கந்தளாய்க் குளத்தை நம்பி இருப்பவனின் பெரும்போகம் தலைகீழாகிறது. இப்போது காலநிலை மாற்றம் என்று கூட்டம் கூட்டமாக வந்து கேள்விக்கொத்து நிரப்புகிறார்கள். ஐயா, முன்பு எப்போது மழை தொடங்கும் என்று என்னைப் போன்ற கிழவர்களைக் கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல? ஞாபகத்தில் உள்ளதைச் சொல்கிறேன். என் ஞாபகம் கறுப்பு மட்டைக் கொப்பி ஆகுமா?

அதனால் கட்டுரை எழுதிய தம்பிக்கும் நகரத்தின் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. பழைய கட்டிடம் ஒன்றைத் திருத்தப் போகிறீர்கள் என்றால் முதலில் அதற்குள் என்ன கடதாசி கிடக்கிறது என்று பாருங்கள், ஓட்டை மாற்றுவது பிறகு. கந்தோர் இடம் மாறுகிறது என்றால் அலுமாரியின் சாவியை ஒருவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது, பிள்ளைகள் கையில் நல்ல கமராவோடு போன் இருக்கிறது, ஒரு விடுமுறைக்குள் மாவட்டத்தில் மிஞ்சியிருக்கும் குளக்கட்டுக் கந்தோர்ப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துவிடலாம்.

என் வீட்டில் இரண்டு கொப்பிகள் இருக்கின்றன. ஓய்வு பெற்ற பிறகு பின் வளவில் ஒரு மழைமானி வைத்து நானே எழுதி வருபவை. நடுவில் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினொரு நாட்களுக்கு மட்டும் மனைவி அளந்து எழுதினாள், அவளுடைய எழுத்து என்னுடையதைவிட வடிவு. யாருக்காவது பயன்படும் என்றால் வீட்டுக்கு வந்து படம் பிடித்துக்கொள்ளலாம், கொப்பியை வெளியே கொடுப்பதாக இல்லை. காலை எட்டரைக்குப் பிறகு வாருங்கள், அதற்கு முன் நான் மானியடியில் நிற்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.